நீரிழிவால் வரும் விழித்திரை நோயும் இலேசர்ச் சிகிச்சையும்

நீரிழிவு நோய் விழித்திரைக்கு விளைக்கும் கேட்டையும், அக்கேட்டினை இலேசர் ஒளிகொண்டு தடுக்கும் முறைகளையும், அம்முறைகளுள் எது எவருக்குப் பொருந்தும் என்பதனையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம். கல்லூரியின் விழா மலருக்கு இத்தகைய பொருள் ஏற்றதோ என்று வினவுவாரும் இருப்பர். பழைய மாணவர் சங்கக் கூட்டத்திற்கு வருவோருட் பாதிப்பேர் தேநீர் கேட்கும்போது "சீனி வேண்டாம்" என்று சொல்வதைக் கேட்டவர் அவ்வாறு வினவார். உயர்தர வகுப்பிற் பௌதிகமும் உயிரியலும் பயிலும் மாணவருக்கோ, தாம் வெவ்வேறு பாடவேளைகளிற் கற்கும் ஒளியும் உயிரும் ஒரே இடத்திற் சந்திப்பதைக் காண இஃது ஒரு வாய்ப்பாகும்.

நிலைக்களனாக நோர்வூட்டை எடுத்துக்கொள்கின்றோம். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகச் செல்லும் பாதை பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்குமாகப் பிரியும் இடத்தில் உள்ள சிற்றூர் அது. சுற்றிலும் தேயிலை மலைகள்; மலைகளுக்கிடையே லயங்கள். நம் பழைய மாணவர் சிலர் அப்பகுதிகளில் ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் வைத்தியராயும் பணியாற்றியவர்; அவர்களுக்கு அவ்வூரை விவரிக்க வேண்டியதில்லை. கொழும்பிலோ சென்னையிலோ இருப்பவனுக்கு எச்சிகிச்சை சிறந்தது என்பது ஒரு வினா. நோர்வூட்டுத் தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு மலையேறும் ஒருத்திக்கு எச்சிகிச்சை சிறந்தது என்பது வேறொரு வினா. இரண்டுக்கும் ஒரே விடை என்று கருதுவதனாலேயே பல கண்கள் கெடுகின்றன.

முதற்கண் விழித்திரை யாது என்பதை அறிவோம். கண்ணின் முன்புறத்தே விழிவெண்படலமும், அதன்பின் கதிராளியும் கண்மணியும், அவற்றின்பின் வில்லையும் உள்ளன. வில்லைக்குப் பின்னுள்ள பெருங்குழியைக் கண்ணாடியுடனீர் என்னும் களிபோன்ற பொருள் நிரப்பியிருக்கின்றது. அக்குழியின் உட்சுவரிலே மெல்லிய துணிபோல ஒட்டியிருப்பதே விழித்திரை. அதன் தடிப்பு ஏறக்குறைய கால் மில்லிமீற்றர். இச்சிறு தடிப்பினுள் மங்கலொளியிற் பயன்படும் கோல்கள் 12 கோடியளவிலும், நிறத்தையும் நுட்பத்தையும் காட்டும் கூம்புகள் 60 இலட்சமளவிலும் அடங்கியுள்ளன. நடுவிலே மஞ்சட்பொட்டு என்னும் சிறு பகுதி உண்டு. நூல் வாசிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரே வருபவரின் முகத்தை அடையாளங் காண்பதும் அப்பகுதியின் தொழில். சுற்றுப்புறமோ பக்கப்பார்வைக்கும் இருளிற் காண்பதற்கும் உரியது. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர்ச் சொல்லப்போவன யாவும் இதனையே பற்றி நிற்பன.

நிறைக்கு நிறை ஒப்பிட்டால் மூளையிலும் மிகுதியாக ஒட்சிசனைச் செலவழிக்கும் இழையம் விழித்திரை. அதற்குக் குருதி இரு வழிகளால் வருகின்றது. உட்புறப் படைகளுக்கு விழித்திரையின் சொந்த மயிர்த்துளைக்குழாய்களும், கோல்களும் கூம்புகளும் உள்ள வெளிப்புறப் படைக்குத் தோலுருப்படையும் குருதி வழங்குகின்றன. குருதியிற் சீனி பல்லாண்டு மிகுந்திருப்பின் அம்மயிர்த்துளைக்குழாய்களின் சுவர்கள் நலிவடைகின்றன. சில இடங்களிற் சுவர் புடைத்துச் சிறு மணிகள்போற் தோன்றும். சில இடங்களில் நீரும் கொழுப்பும் கசியும். சில இடங்களிற் குழாய் முற்றாக அடைபடும். கசிவு மஞ்சட்பொட்டில் நேர்ந்தால் அது வீங்கி, நேர்ப்பார்வை மங்கும். குழாய்கள் அடைபட்ட இடங்களோ ஒட்சிசனின்றித் தவிக்கின்றன. தவிக்கும் இழையம் "புதுக் குழாய் வேண்டும்" என்று கேட்பதுபோல ஓர் இரசாயனப் பொருளைச் சுரக்கின்றது. அதனைக் குருதிக்கலன் வளர்தூண்டி என்போம். நீரிழிவுக் கண்களின் உட்டிரவத்தில் அத்தூண்டி மிகுந்திருப்பதை 1994 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

தூண்டியின் கட்டளைப்படி புதுக் குழாய்கள் முளைக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை நல்ல குழாய்கள் அல்ல. விழித்திரையைவிட்டு வெளியேறிக் கண்ணாடியுடனீரின் மேற்பரப்பிற் படர்வன அவை. சிறு அசைவிலும் கிழிந்து குருதி கசியும். அவற்றோடு நார் இழையமும் வளர்ந்து சுருங்கி, ஈரச்சுவரிலிருந்து காகிதத்தை இழுப்பதுபோல விழித்திரையைப் பெயர்த்தெடுத்து விடும். இத்தனையும் நடக்கும்வரை நோயாளிக்கு வலியில்லை, சிவப்பில்லை, நீர்வடிதலும் இல்லை. பல வேளைகளிற் பார்வைக் குறைவுகூட இல்லை. இந்நோயின் கொடுமை இதிலேயே உள்ளது.

இடையே ஒன்று. கண்தானத்தில் நம் நாடு உலகறிந்த நாடு. 1961 ஆம் ஆண்டில் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கம் 1964 இலிருந்து பிறநாடுகளுக்கும் கண்களை அனுப்பி வந்துள்ளது. இதனால் நம்மவருட் பலர், கண் கெட்டால் வேறு கண் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகின்றனர். மாற்றி வைக்கப்படுவது முன்புறத்து விழிவெண்படலம் மாத்திரமே. விழித்திரையை மாற்றிப் பார்வை தரும் வித்தை இன்னும் எங்கும் கைகூடவில்லை. 2023 இல் நியூயோர்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையே மாற்றி வைத்தனர். கண் உயிரோடு நின்றது, பார்வை வரவில்லை.

இனிச் சிகிச்சையின் வரலாற்றை நோக்குவாம். 1945 ஆம் ஆண்டு யூலை 9 ஆந் திகதி ஐரோப்பாவிற் சூரிய கிரகணம் தோன்றியது. கிரகணத்தை வெறுங்கண்ணாற் பார்த்த ஒரு மருத்துவ மாணவன் பார்வை குன்றி, ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்துக் கண் வைத்தியசாலைக்கு வந்தான். அவனைச் சோதித்த மேயர் சுவிக்கராத் என்னும் இளம் வைத்தியர் மஞ்சட்பொட்டிலே ஒரு தழும்பைக் கண்டார். கிரகணத்தால் வந்த தழும்புகளை அவருக்கு முன்னும் பல வைத்தியர் கண்டிருந்தனர். "பார்த்தாயே, கெட்டாயே" என்று இரங்கியதோடு அவர்கள் நின்றனர். இவரோ வேறு விதமாகச் சிந்தித்தார். ஒளி விழித்திரையிற் தழும்பு உண்டாக்கும். தழும்பு இழையங்களை ஒட்டவைக்கும். ஆகவே கிழிந்த விழித்திரையைச் சுற்றி நாம் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு தழும்பை ஒளியால் உண்டாக்கினால் அது பெயராமல் நிற்குமன்றோ என்பது அவர் சிந்தனை.

1946 இல் அவர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1949 இல் வைத்தியசாலையின் கூரைமேல் தாமே அமைத்த கருவியின் துணையாற் சூரிய ஒளியைக் கண்ணினுட் செலுத்தி வெற்றி கண்டார். சூரியன் வேண்டும், மேகம் கூடாது. ஹம்பேர்க்கின் வானம் மேகத்துக்குப் பேர்போனது. (அக்கருவி நோர்வூட்டுக்கு வந்திருந்தால், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நோயாளியும் வைத்தியரும் கூரைமேற் குடைபிடித்துக்கொண்டே இருந்திருப்பர்.) பின்னர் செய்ஸ் நிறுவனத்தாரோடு சேர்ந்து செனன் வாயு விளக்கினால் இயங்கும் கருவியொன்றை 1950களின் பிற்பகுதியில் அவர் ஆக்குவித்தார். மேகத் தொல்லை தீர்ந்தது. ஆயினும் அவ்வொளி வெள்ளொளி, பல நிறங்களின் கலப்பு, சூடு மிகுதி, புள்ளி பெரிது, நோயாளிக்கு வலியும் பெரிது.

1960 ஆம் ஆண்டு மே 16 ஆந் திகதி கலிபோர்னியாவில் தியடோர் மைமன் முதல் இலேசரை ஒளிரச் செய்தார். செயற்கை மாணிக்கக் கோலொன்றிலிருந்து 694 நனோமீற்றர் அலைநீளமுடைய செவ்வொளி பிறந்தது. விளக்கொளி திருவிழாக் கூட்டம்போல எல்லாத் திசையிலும் எல்லா நிறத்திலும் சிதறிச் செல்லும். இலேசர் ஒளியோ ஒரே நிறம், ஒரே திசை, ஒரே அடியெடுப்பு. ஆதலின் அதனை மில்லிமீற்றரிற் பதின்கூறு அளவான புள்ளியிலும் குவிக்கலாம். ஓராண்டும் சிலமாதங்களும் கழியுமுன்பே, 1961 இன் இறுதியில், நியூயோர்க்கில் ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியை அழிக்க அது பயன்பட்டது. ஒரு பௌதிகக் கண்டுபிடிப்பு இத்துணை விரைவில் வைத்தியசாலைக்குட் புகுந்தது அரிது.

மாணிக்க இலேசருக்கும் ஒரு குறை இருந்தது. குருதி செந்நிறமாய்த் தோன்றுவது செவ்வொளியை ஏற்காது திருப்பிவிடுவதனால் அன்றோ? எனவே குருதிக்கலன்களை அச்செவ்வொளி நன்கு சுடவில்லை. 1964 இல் ஆகன் வாயு இலேசர் கண்டுபிடிக்கப்பட்டது. 1968 இல் லெஸ்பெரன்ஸ் என்பார் அதன் நீலப்பச்சை ஒளியை மனிதக் கண்ணிற் பயன்படுத்தினார். பச்சை ஒளியைக் குருதியின் ஈமோகுளோபினும் விழித்திரையின் பின்னுள்ள கருநிறப் பொருளும் நன்கு உறிஞ்சும். நீல ஒளியை மஞ்சட்பொட்டின் மஞ்சள் நிறப்பொருளும் உறிஞ்சிவிடும் என்பதால் அங்கே அது கேடு தரும். ஆதலின் நாளடைவில் நீலம் விலக்கப்பட்டுப் பச்சை நின்றது. இக்காலத்திற் பெரிதும் வழங்குவது 532 நனோமீற்றர்ப் பச்சை ஒளி தரும் திண்மநிலை இலேசர். 577 நனோமீற்றர் மஞ்சள் ஒளியும், 810 நனோமீற்றர் செந்நிறக்கீழ் ஒளியும் சில தேவைகளுக்கு உதவுகின்றன. எந்நிறத்தை எப்பொருள் உறிஞ்சும் என்னும் பாடசாலைப் பௌதிகமே இங்கு மருந்தினைத் தெரிவு செய்கின்றது.

இப்போது அறிவுடைய மாணவன் ஒருவன் ஓர் ஐயத்தை எழுப்புவான். விழித்திரை ஏற்கனவே நோயுற்றது. அதனை மேலும் சுட்டால் எங்ஙனம் நன்மை விளையும்? இவ்வையம் நேரியதே. விடையின் முதற்குறிப்பு கண்சோதனை அறையிலிருந்து வந்தது. பழைய தழும்புகள் மிகுந்த கண்களிலும், கிட்டப்பார்வை மிக முற்றி விழித்திரை மெலிந்த கண்களிலும் நீரிழிவுக்கேடு குறைந்திருப்பதை வைத்தியர் கண்டனர். பொஸ்ரன் நகரின் ஜொஸ்லின் நிலையத்தில் பீதம், ஐயெல்லோ என்போர் இதனைப் பின்பற்றி, 1960களின் பிற்பகுதியில் விழித்திரையின் சுற்றுப்புறமெங்கும் சிறு சிறு புள்ளிகளாகச் சுட்டுப் பார்த்தனர். தொடாத புதுக் குழாய்களும் வாடின.

காரணம் பின்னரே தெளிவாயிற்று. ஒட்சிசனைப் பெரிதும் செலவிடுபவை வெளிப்படையிலுள்ள கோல்களும் கூம்புகளும். சுற்றுப்புறத்தில் அவற்றுள் ஒரு பகுதியைச் சுட்டழித்தால், அவை உண்ட ஒட்சிசன் மிஞ்சுகின்றது; தோலுருப்படையிலிருந்து வரும் ஒட்சிசன் அத்தழும்புகள் ஊடாக உட்படைகளுக்குச் செல்கின்றது. தவிப்புக் குறைகின்றது, தவிப்புக் குறையவே தூண்டியின் சுரப்பும் குறைகின்றது, தூண்டியின்றிப் புதுக் குழாய்கள் வாடுகின்றன. பஞ்சகாலத்தில் ஒரு வீட்டில் உண்போர் தொகை குறைந்தால் எஞ்சியோர் பிழைப்பதுபோல என்று ஒருவர் உவமை சொல்லக் கேட்டேன். கொடிய உவமைதான், பிழையான உவமையன்று. நடுப்பார்வையைக் காப்பதற்காகச் சுற்றுப்பார்வையில் ஒரு பகுதியை விலையாகக் கொடுக்கின்றோம்.

அவ்விலை தகுமா என்பதை அமெரிக்காவில் 1970களில் நடந்த ஒரு பெருஞ்சோதனை தீர்த்து வைத்தது. 15 நிலையங்களில் 1,700க்கு மேற்பட்ட நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு ஒளிச்சிகிச்சை. மற்றக் கண்ணுக்கு இல்லை. எக்கண் என்பதைத் திருவுளச்சீட்டுப் போன்ற முறை தீர்மானித்தது. இரண்டாண்டில் சிகிச்சை பெறாத கண்களுள் 100க்கு 16 கொடிய பார்வையிழப்பை அடைந்தன. பெற்றவற்றுள் 6 மாத்திரமே அடைந்தன. வேறுபாடு இத்துணைத் தெளிவாகவே, 1976 இல் மற்றக் கண்ணுக்கும் சிகிச்சை அளிக்க இடந்தரப்பட்டது. மஞ்சட்பொட்டு வீக்கத்தைப் பற்றிய அடுத்த பெருஞ்சோதனையின் முடிபு 1985 இல் வெளிவந்தது. கசியும் இடங்களை மாத்திரம் தேடி மெல்லச் சுடும் முறையால், மூன்றாண்டில் நேரும் பார்வைக் குறைவு 100க்கு 24 இலிருந்து 12 ஆகக் குறைந்தது. "பாதியாகக் குறைத்தது" என்பதையே காண்க. குன்றிய பார்வையை மீட்டது என்று அச்சோதனை சொல்லவில்லை. இலேசர் பெரும்பாலும் இருப்பதைக் காக்கும், போனதைத் தராது. இதனை முன்கூட்டிச் சொல்லாது சிகிச்சை செய்துவிட்டால், நோயாளி ஏமாற்றமடைந்து ஊருக்குத் திரும்பி, "லேசர் அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று லயம் முழுதும் சொல்லுவார். அச்சொல்லாற் சிகிச்சைக்குப் போகாது நிற்போர் எத்தனைபேர் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

சிகிச்சை நடைபெறும் விதம் அஞ்சத்தக்கதன்று. கண்மணியை விரிக்கும் துளிகளும் மரத்துப்போகச் செய்யும் துளிகளும் இடப்படும். நோயாளி கருவியின்முன் நாடியை ஊன்றி உட்காருவார். ஒரு வில்லை கண்ணின்மேல் வைக்கப்படும். வைத்தியர் காலால் மிதிக்குந்தோறும் பச்சை ஒளி மின்னும். சுற்றுப்புறம் முழுவதற்கும் வழக்கமான முறையில் 1,200 முதல் 1,600 வரையான புள்ளிகள் வேண்டும்; ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் அகலம், பத்திலொரு செக்கன் நேரம். இவற்றை ஒரே அமர்விற் செய்யாது இரண்டு மூன்று அமர்வுகளாகப் பிரிப்பதே பழைய வழக்கு. 2005 ஆம் ஆண்டளவில் வந்த வடிவமைப்பு இலேசர் ஒரு மிதிப்பிற் பல புள்ளிகளைச் சதுரமாக அடுக்கும். ஒவ்வொன்றும் பத்திலொரு செக்கனிலும் மிகக் குறுகியது. ஆதலின் வலியும் நேரமும் குறையும், புள்ளிகளின் தொகை மாத்திரம் கூட்டப்படல் வேண்டும். மஞ்சட்பொட்டுக்கு நுண்துடிப்பு இலேசர் என்றொரு முறையும் உண்டு; கண்ணுக்குத் தெரியும் தழும்பே உண்டாகாதவாறு ஒளியை வெட்டி வெட்டிச் செலுத்துவது அது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதற்காகச் செய்யப்படும் இலேசர் வேறு. கற்றராக்ட் சத்திரசிகிச்சையின்பின் படலத்தைத் திறக்கும் இலேசர் வேறு. மூன்றுக்கும் பெயர் ஒன்றாதலால், ஒருவருக்கு நேர்ந்ததை மற்றவருக்குச் சொல்லி மயங்குதல் எங்கும் நடக்கின்றது.

இலேசருக்குப் போட்டியாக இந்நூற்றாண்டில் ஊசிமருந்து வந்தது. குருதிக்கலன் வளர்தூண்டியைப் பிடித்துக் கட்டிவிடும் மருந்தினைக் கண்ணாடியுடனீருக்குள் ஏற்றுவர். பெவசிசுமாப், ரனிபிசுமாப், அஃபிளிபெர்செப்ற் என்பன அவை. பெவசிசுமாப் புற்றுநோய்க்கென ஆக்கப்பட்டது, விலை குறைந்தது, வறிய நாடுகளின் கண் வைத்தியசாலைகளைத் தாங்கி நிற்பது அதுவே. மஞ்சட்பொட்டின் நடுவில் வீக்கமும் பார்வைக் குறைவும் இருப்பின் ஊசியே சிறந்தது என்பதில் 2010 இன்பின் ஐயமில்லை. இலேசர் தராத பார்வை மீட்சியை அது பலருக்குத் தருகின்றது. புதுக் குழாய் முளைத்த கண்ணுக்கும் ஊசி, இலேசருக்குக் குறைந்ததன்று என்று 2015 இல் அமெரிக்கச் சோதனையொன்று காட்டியது. பக்கப்பார்வை இழப்பும் ஊசி பெற்றோருக்குக் குறைவு. அதைப் படித்தவுடன் "இலேசரின் காலம் முடிந்தது" என்று சொன்னவர் பலர்.

யான் அவ்வாறு கருதவில்லை. காரணத்தை நோர்வூட்டிலே வைத்துச் சொல்லுகின்றேன். ஐம்பது வயதான ஒரு தோட்டத் தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். காலையிற் பெரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுவைக்கு வந்து, பேர் பதிந்து வீடு திரும்புபவர். ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. நோர்வூட்டிலிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலை கிட்டியது. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட அதன் புதிய கட்டடத் தொகுதி 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமரால் திறந்து வைக்கப்பட்டது. அன்றே நோர்வூட் மைதானத்திற் பெருங்கூட்டமும் நடந்தது. ஆயினும் விழித்திரைக்கென்றே பயின்ற நிபுணரைத் தேடின் கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களுக்கே போதல் வேண்டும். மருந்துக்குக் காசில்லை என்பது இந்நாட்டு அரசினர் வைத்தியசாலையின் பெருமை; பஸ்சுக்கும் சோற்றுக்கும், துணைக்கு வருபவரின் சம்பள இழப்புக்கும் காசு உண்டு.

அமெரிக்கச் சோதனையில் ஊசி பெற்ற கண்ணுக்கு முதலிரு ஆண்டுகளிற் பத்தளவு ஊசிகள் தேவைப்பட்டன. ஊசியில்லாத மாதங்களிலும் சோதனைக்கு வருதல் வேண்டும். ஊசியின் ஆற்றல் சில கிழமைகளே நிற்கும். அது தூண்டியைக் கட்டுகின்றதேயன்றித் தவிப்பை நீக்குவதில்லை. கட்டு அவிழ்ந்ததும் தூண்டி மீண்டும் பெருகும். வராமல் நின்றவர்க்கு யாது நேர்ந்தது என்பதைப் பிலடெல்பியாக் கண் வைத்தியர் ஆராய்ந்து 2019 இல் வெளியிட்டனர். ஆறு மாதத்துக்கு மேல் வராது நின்று மீண்டும் வந்தவருள், ஊசி மாத்திரம் பெற்ற கண்களின் நிலை இலேசர் பெற்றவற்றினும் மிகத் தாழ்ந்திருந்தது. விழித்திரை இழுபட்டுப் பெயர்ந்தவை ஊசிப் பகுதியிலேயே மிகுந்திருந்தன. செல்வ நாட்டின் நகரமொன்றிலேயே இந்நிலை எனின் மலைநாட்டில் எவ்வாறிருக்கும்? 2020 இன் ஊரடங்கையும், 2022 இன் எரிபொருட் பஞ்சத்தையும் மருந்துத் தட்டுப்பாட்டையும் நாம் மறந்துவிடவில்லை. மாதந்தோறும் ஊசியை நம்பியிருந்த கண்ணுக்கு அம்மாதங்கள் எத்தகையவை என்பதை எண்ணிப் பார்க்க.

சுற்றுப்புறத்தை முழுமையாகச் சுட்டு முடித்த கண்ணோ அத்தழும்புகளைத் தன்னோடு கொண்டு திரியும். பஸ் ஓடாவிடினும் அவை வேலை செய்யும். ஆகவே புதுக் குழாய் முளைத்த கண்ணுக்கு, அதுவும் தொலைவிலிருந்து வருபவருக்கு, நிறைவான இலேசரே அடிப்படைச் சிகிச்சை என்பது என் துணிபு. மஞ்சட்பொட்டில் வீக்கமும் சேர்ந்திருந்தால் முதலில் ஊசி, பின்பு அல்லது உடனொத்து இலேசர் என்பது முறை. ஏனெனில் சுற்றுப்புற இலேசர் தனித்துச் செய்யப்படின் வீக்கத்தைச் சிலகாலம் மிகுவிக்கலாம். குருதி கலங்கித் தெளியாத கண்ணுக்கும், இழுபட்ட விழித்திரைக்கும் கண்ணாடியுடனீரை அகற்றும் சத்திரசிகிச்சை உண்டு. மாக்கெமர் என்பார் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாக்கியது அது. அங்கும் கண்ணினுள்ளேயே இலேசர் பாய்ச்சப்படுகின்றது.

இலேசரின் விலையையும் ஒளிக்காது சொல்லுதல் வேண்டும். பக்கப்பார்வை சற்றுச் சுருங்கும். மங்கலொளியிற் கண் பழக நேரம் எடுக்கும். மேசைமுன் இருந்து வேலை செய்பவர் இதனைப் பொருட்படுத்தார். அதிகாலை மூடுபனியிற் சரிவான ஒற்றையடிப்பாதையில், தலைச்சுமையோடு, அட்டைக்கும் வழுக்குக்கும் அஞ்சி நடப்பவருக்கு இது பெரிய விடயம். கால்வைக்கும் இடம் பக்கப்பார்வையாலேயே தெரிகின்றது. சிகிச்சைக்குப்பின் அவருக்குச் சில கிழமை மட்டமான மலையில் வேலை கொடுப்பது கணக்கப்பிள்ளைக்கோ துரைக்கோ பெரிய காரியமன்று. சொல்லுவார் இருந்தால் செய்வர். வைத்தியர் ஒரு துண்டிலே எழுதிக் கொடுப்பது நன்று.

மேற்கூறிய யாவும் நோய் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே. கண்டுபிடிப்பதெங்ஙனம்? 2005-2006 இல் இலங்கையில் நடந்த பேராய்வின்படி வளர்ந்தோரிற் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவருள் மூன்றிலொரு பங்கினர்க்கு மேல் அதனை அறியாதிருந்தனர். சென்னை நகரில் நடந்த இரு பெரும் ஆய்வுகள், நீரிழிவாளர் 100 பேரில் 18 பேரளவில் விழித்திரைக்கேடு இருப்பதைக் காட்டின. தமிழ்நாட்டார் இதற்குச் செய்த பரிகாரம் நாம் கற்கத்தக்கது. மதுரையில் 1976 இல் வைத்தியர் கோ. வெங்கடசாமி 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலையும், சென்னையில் 1978 இல் வைத்தியர் எஸ். எஸ். பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும், நோயாளி வைத்தியரைத் தேடி வரட்டும் என்று இருக்கவில்லை. விழித்திரையைப் படம் பிடிக்கும் கருவியை ஊர்களுக்குக் கொண்டுசென்று, படத்தை நிபுணருக்கு அனுப்பி, எவருக்குச் சிகிச்சை வேண்டுமோ அவரை மாத்திரம் அழைத்தனர். படத்தைக் கணனியே பார்த்துத் தரம் பிரிக்கும் முறையொன்று 2016 இல் வெளிவந்தபோது, அதனைப் பயிற்றுவிக்க இவ்விரு நிலையங்களின் படங்களும் பயன்பட்டன.

இதனை நோர்வூட்டுக்குப் பொருத்திப் பார்ப்பின், படம் எடுக்க வைத்தியர் வேண்டியதில்லை. ஒரு தாதியோ தோட்ட வைத்திய உதவியாளரோ சில நாளிற் பழகிவிடலாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் அல்லது கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிறன்று வைத்தால் எவருக்கும் பேர் போகாது. நூறு பேரைப் பார்த்தால் ஒரு சிலரே கொழும்புக்கோ கண்டிக்கோ போகவேண்டி வரும். அவர்களைச் சேர்த்து ஒரு வாகனத்தில் அனுப்பலாம். நம் பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் இராப்போசன விருந்துகளின் செலவை நான் அறிவேன். அதனோடு ஒப்பிட இது பெருஞ்செலவன்று.

மொழியும் ஒரு தடையாகின்றது. துண்டிலே ஆங்கிலத்தில் எழுதி, சிங்களத்தில் விளக்கினால், தமிழ் மாத்திரம் அறிந்த தாய்க்கு யாது விளங்கும்? 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தும் நூல்களை மொழிபெயர்த்தும் காட்டினார். அவ்வளவு முன்னே செய்யப்பட்டது இன்று ஒரு கைத்தாளுக்கு ஏன் கைகூடாது? "விழித்திரை" என்று எழுதி, பக்கத்திலே "கண்ணுக்குள்ளே இருக்கும் படம்பிடிக்கும் தோல்" என்றும் எழுதினாற் போதும்.

அக்கைத்தாளில் இருக்கவேண்டியவை பல அல்ல. இக்காலத்திற் பெரும்பாலாரிடம் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவு உண்டென்று அறிந்த அன்றே ஒருமுறை விழித்திரையைப் பார்ப்பித்தல் வேண்டும், கேடில்லையாயின் ஆண்டுக்கொருமுறை, கேடு தொடங்கியிருந்தால் வைத்தியர் குறிக்கும் இடைவெளியில், முற்றியதாயின் மூன்று மாதத்துக்கொருமுறையும் ஆகலாம். நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துள் காட்டல் வேண்டும்; கருவுற்ற காலத்தில் இந்நோய் விரைந்து வளர்வதுண்டு. சீனியையும் குருதியமுக்கத்தையும் கட்டுப்படுத்துவது இலேசருக்கு ஈடான சிகிச்சை. முதலாம் வகை நீரிழிவாளரைக் கொண்டு நடத்தி 1993 இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், சீனியை இறுக்கமாக அடக்கியவருள் விழித்திரைக்கேடு புதிதாய்த் தோன்றுவது 100க்கு 76 பங்கு குறைந்தது. திடீரெனக் கண்முன் கரும்புள்ளிகளோ சிலந்திவலை போன்ற நூல்களோ மிதந்தாலும், திரை விழுந்தாற்போல் ஒரு பக்கம் மறைந்தாலும், அடுத்த கிளினிக்குத் திகதிவரை காத்திராது அன்றே புறப்படல் வேண்டும்.

புறப்படுகையில் கிளினிக் கொப்பியையும் உண்ணும் மருந்துகளையும் கொண்டுபோக. கண்மணியை விரிக்கும் துளிகளின் வேகம் சில மணிநேரம் நிற்கும். பஸ்சின் பெயர்ப்பலகை தெரியாது, வெயில் கூசும். ஆதலின் துணைக்கு வீட்டில் ஒருவரை அழைத்துச் செல்வதோடு, மாலைப் பஸ் தவறினால் ஹட்டனில் இரவு தங்க ஓர் உறவினர் வீட்டையும் முன்னரே சொல்லி வைத்துக்கொள்வது நல்லது.